போர்த் தண்ணீர் ஊரில் பூந்திக்கொட்டை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சேலத்துக்குக் குடிவந்த புதிதில் பலரும் கேட்பது, "இங்க மட்டும் ஏன் சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது?" என்றுதான். குடிக்க மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது, சரி. குளிக்க, துவைக்க, தரை துடைக்கப் பல வீடுகளில் போர்த் தண்ணீரை, அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம். சேர்வராயன் மலை அடிவாரத்தில் வெள்ளை வெள்ளையாய்த் தெரியும் மேக்னசைட் கரடுகளைப் பார்த்திருப்பீர்கள். இந்த மண்ணின் தண்ணீரில் மெக்னீசியமும் கால்சியமும் கரைந்திருக்கின்றன. சோப்பு அவற்றோடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகத் திரிந்துவிடும். வாளி ஓரத்தில் வெள்ளையாய் ஒட்டுவதும், குளித்த பிறகு தலைமுடி நார் மாதிரி நிற்பதும் அதனால்தான்.

பூந்திக்கொட்டை தண்ணீரில் நுரைக்கும் ஒரு மரத்துக் காய். அதில் நுரை தரும் பொருளான சப்போனின் சோப்பு கிடையாது. சப்போனினின் ஒரு பக்கம் சர்க்கரைத் தன்மையோடு தண்ணீரைப் பிடிக்கும், மறுபக்கம் எண்ணெயைப் பிடிக்கும். உப்புத் தண்ணீரில் அது பிசுக்காய்த் திரியாது. இந்த ஊரில் அதை வாங்கி வைக்க எனக்கு இந்த ஒரு காரணம் போதும். "இயற்கையானது, ஆகவே நல்லது" என்ற பேச்சில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. கண்ணில் பட்டால் இதுவும் நன்றாகவே எரியும். எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் வேலைக்கு உதவும் பொருள்.

கடையில் கேட்டு வாங்குவது

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மளிகை மொத்தக் கடைகளிலும், கடைவீதியில் உள்ள நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். பூந்திக்கொட்டை என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பூவந்திக்கொட்டை, பூச்சக்கொட்டை, நெய்க்கொட்டான் என்று கேட்பவர்களும் உண்டு, எல்லாம் ஒன்றுதான்.

இரண்டு வகை கண்ணில் படும். நம் பக்கத்து மரத்தின் காய் இரண்டு அல்லது மூன்று ஒட்டிக்கொண்டு ஒரே காம்பில் வரும். பிரித்தெடுத்தால் ஒட்டியிருந்த பக்கம் தட்டையான தழும்பு இருக்கும். தோல் சுருங்கி, செம்பழுப்பாக, கொஞ்சம் அழுக்கு நிறத்தில் இருக்கும். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து வருவது தனித்தனியான உருண்டை. அளவில் பெரியது, பொன்னிறத்தில் கண்ணாடி மாதிரி மினுங்கும். பாக்கெட்டில் 'ரீட்டா' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இதுதான். தாவரவியலில் நம்முடையது சபின்டஸ் எமார்ஜினேட்டஸ், வடக்கத்தியது சபின்டஸ் முக்கோரோசி. இரண்டும் நுரைக்கும், இரண்டும் வேலை செய்யும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக வடக்கத்தியதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். தோலின் உள்பக்கம் பேரீச்சம்பழம் மாதிரிப் பிசுபிசுவென்று இருந்தால் நல்ல சரக்கு. தூளாய் உதிர்ந்தாலோ, உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை இருந்தாலோ வேண்டாம். உடைத்த துண்டை இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் தேய்த்தால் உடனே நுரை வரும். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்.

நுரைப்பது தோல் மட்டும்தான். கறுப்பு விதையில் நமக்கு வேலை இல்லை. விதையோடு வாங்கினால் கிட்டத்தட்ட பாதி எடை அதிலேயே போய்விடும். விதை எடுத்த கொட்டை கிலோவுக்கு விலை கூடத்தான் இருக்கும், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பல நேரம் அதுதான் லாபம். மரம் வளர்க்க விதை வேண்டுமென்றால் மட்டும் முழுக்கொட்டையாக வாங்குங்கள்.

மரத்தடியில் பொறுக்குவதானால்

ஏற்காடு டவுன் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரும் காபித் தோட்டமும் இந்த மரத்துக்குத் தோதான இடமில்லை. இது வெயில் விரும்பி. கோரிமேடு தாண்டி, அடிவாரத்தைச் சுற்றியுள்ள வறண்ட காடு, கரட்டுச் சரிவு, பழைய தோட்டத்து வரப்பு, கோயில் நிலம் இப்படிப்பட்ட இடங்களில் தேடலாம். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் கீழ்ப்பக்கத்து வளைவுகளோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம்.

இலைதான் நல்ல அடையாளம். ஒரு காம்பில் இரண்டு மூன்று ஜோடிச் சிற்றிலைகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் தடித்த தோல் போல இருக்கும். நுனி கூராக முடியாமல் லேசாக உள்வாங்கியிருக்கும். மழை முடிகிற சமயத்தில் பச்சை கலந்த வெள்ளையில் சின்னச் சின்னப் பூ கொத்தாகப் பூக்கும். மரத்தடியில் நின்றால் தேனீச் சத்தம் கேட்கும். இளங்காயின் மேல் துரு நிறத்தில் மெல்லிய பூனை முடி இருக்கும், தொட்டால் வெல்வெட். மாசி, பங்குனியில் பழுத்துச் சுருங்கி உதிரும். கிளையை உலுக்கிப் பச்சைக்காயைப் பறிக்காதீர்கள், தானாக விழுந்ததைப் பொறுக்கினால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: காப்புக்காட்டுக்குள் போய்ச் சாக்கு நிறையப் பொறுக்கி வர நமக்கு உரிமை இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருட்களைச் சேகரிக்கும் உரிமையை அங்கே தலைமுறையாக வாழும் மக்களுக்குத் தந்திருக்கிறது. சேர்வராயன் மலையில் அது மலையாளிப் பழங்குடி மக்கள். மலைக்கிராமத்துக்காரர் சந்தையில் கொண்டுவந்து விற்றால் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், பேரம் பேசாமல்.

காயவைப்பது, எடுத்துவைப்பது

பொறுக்கிய கொட்டையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, மாடியில் பாய் விரித்துப் பரப்புங்கள். பங்குனி வெயிலுக்கு ஒரு வாரம் தாராளம். பாதி காய்ந்து தோல் இன்னும் இளக்கமாக இருக்கும்போதே விதையை எடுத்துவிடுவது சுலபம். முழுக்கக் காய்ந்தபின் அம்மிக் குழவியால் தட்டித்தான் உடைக்க வேண்டும், அப்போது விதை எகிறி எங்கேயாவது ஓடும்.

காய்ந்த தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடி பிசுபிசுக்கும். அதில் குறை ஒன்றுமில்லை. மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவைத்தால் ஒரு வருடத்துக்கு மேலேயே இருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை திறந்து வெயில் காட்டினால் நல்லது.

பொடியாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் சித்திரை வெயிலில் முறுக நொறுங்கும் பதத்துக்குக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மில்லுக்குக் கொண்டுபோங்கள். சீயக்காய் அரைக்கத் தனி மிஷின் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்துக் கேளுங்கள்; மாவு மிஷினில் இதைப் போட்டால் அடுத்து அரைக்கும் கம்பு மாவு கசக்கும். அப்புறம், மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். பூந்திக்கொட்டைத் தூசு மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. மில்காரர் முகம் சுளித்தால் கோபப்படாதீர்கள், பாவம், அன்று முழுக்க அவர்தான் தும்முவார். வீட்டு மிக்ஸியில் அரைத்தால் மூடியை உடனே திறக்காமல் தூசு அடங்கும்வரை விட்டுவையுங்கள். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவருக்குப் பொடியே வேண்டாம். கொட்டையை ஊறவைத்துச் சாறு எடுப்பதுதான் எளிது.

சாறு எடுப்பது

எல்லா உபயோகத்துக்கும் இந்தச் சாறுதான் அடிப்படை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு விதை எடுத்த கொட்டை ஒரு கைப்பிடி, ஏறக்குறைய முப்பது கிராம்.

இரவு ஊறப்போடுங்கள். காலையில் தோல் உப்பி மெத்தென்று ஆகியிருக்கும், தண்ணீர் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். அப்படியே அடுப்பில் வைத்துச் சின்னத் தீயில் பதினைந்து இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. பால் மாதிரிப் பொங்குவதோடு இதில் நுரையும் சேர்ந்து ஏறும், அடுப்பை மூழ்கடித்துவிடும். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். சக்கையை மறுபடி அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்தால் இரண்டாம் சாறு கிடைக்கும். அது தரை துடைக்க, பாத்ரூம் கழுவப் போதும். அதன்பிறகு சக்கை உரக்குழிக்கு.

சாறிலிருந்து ஒரு புளித்த பழ வாசனை வரும். சிலருக்குப் பிடிக்காது, ஆனால் காய்ந்த துணியில் அந்த வாசனை நிற்காது. வெளியே வைத்தால் சேலத்து வெயிலுக்கு இரண்டாம் நாளே புளித்து நாற ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரை வைக்கலாம். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, தேவைப்படும்போது இரண்டு கட்டியை எடுத்து வெந்நீரில் போடுவது எனக்குத் தெரிந்த நல்ல உபாயம். அந்தத் தட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஜூஸில் போட்டுவிடப் போகிறார்கள்.

தலைக்குத் தேய்ப்பது

பூந்திக்கொட்டையைத் தனியாகத் தலைக்குத் தேய்ப்பது கடுமை. எண்ணெய்ப் பசையை அப்படியே உரித்தெடுத்து முடியை வறளவிட்டுவிடும். அதனால்தான் நம் வீடுகளில் அதைத் துணைக்குத்தான் சேர்ப்பார்கள். பிரதானம் சீயக்காய் அல்லது இந்தப் பக்கத்து அரப்பு இலைப்பொடி. சீயக்காய் நான்கு பங்கு என்றால் பூந்திக்கொட்டை ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கூடவே ஒரு பிடி வெந்தயமும் பச்சைப்பயறும் சேர்த்தால் வறட்சி குறையும். பொடியைச் சோறு வடித்த கஞ்சியில் கரைப்பது பழைய வழக்கம். கஞ்சி வழுவழுப்பாக இருப்பதால் பொடி முடியில் நின்று பரவும்.

முதல் தடவை முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் விட்டு அரிப்பு, தடிப்பு வருகிறதா என்று பாருங்கள். குளிக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்ள வேண்டும். தலையைப் பின்பக்கம் சாய்த்து அலசுங்கள், முன்னால் குனிந்தால் சாறு நேரே கண்ணுக்குத்தான் வரும். பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். எரிச்சலும் சிவப்பும் அடங்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள். கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ஷாம்பு அளவுக்கு நுரை வராது, அதற்காக இன்னும் இன்னும் ஊற்றத் தேவையில்லை.

வைத்தியத்துக்கும் இந்தக் கொட்டையைச் சொல்வார்கள். நாட்டு வைத்தியத்தில் இடம் உண்டுதான், ஆனால் அளவு தெரியாமல் வாய்வழி எடுத்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். இந்தக் கட்டுரை குளியலறையோடும் துவைக்கும் கல்லோடும் நின்றுகொள்கிறது.

பட்டும் பருத்தியும்

அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் நெய்யும் வெண்பட்டு வேட்டிக்கு ஊருக்கு வெளியேயும் பெயர் உண்டு. பட்டு என்பது புரத நார், காரம் அதற்கு ஆகாது. சாதாரணத் துணி சோப்பும் சோப்புத்தூளும் காரம் மிகுந்தவை. நாலு துவைப்பில் பட்டின் மினுமினுப்பைக் குறைத்துவிடும். பூந்திக்கொட்டைச் சாறு லேசான அமிலத்தன்மை உள்ளது, பட்டுக்கும் கம்பளிக்கும் தோது.

ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரில் ஒரு டம்ளர் சாறு கலந்து, பட்டைப் பத்து நிமிடம் மட்டும் அமிழ்த்தி வையுங்கள். அடிப்பது, முறுக்குவது, பிரஷ் போடுவது கூடாது. ஜரிகை இருந்தால் இன்னும் மெதுவாகக் கையாள வேண்டும். கையால் அமுக்கி அமுக்கி எடுத்து, இரண்டு தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நிறம் போகும் சேலையானால் முந்தானை ஓரத்தை முதலில் நனைத்துச் சோதித்துவிடுங்கள். வெண்பட்டுக்கு ஒரு எச்சரிக்கை: சாறு பழுப்பு நிறம். கெட்டியாகக் கலந்து நேரம் மறந்து விட்டுவிட்டால் மஞ்சள் தட்டும். வெண்பட்டுக்கு இரண்டாம் சாறே போதும்.

வாஷிங் மெஷினில் போடுவதானால் ஐந்தாறு கொட்டையைச் சின்னத் துணிப்பையில் முடிந்து, கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்தே போடுங்கள். பச்சைத் தண்ணீரில் நேரே போட்டால் சாறு இறங்குவதற்குள் மெஷின் வேலையை முடித்திருக்கும். தினசரித் துணி, வியர்வை, தூசுக்கு இது போதும். மஞ்சள் கறை, மெக்கானிக் ஷெட் கிரீஸ், சிறுவர்களின் பேனா மைக்கு இது ஈடுகொடுக்காது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் சோப்புத்தூளில் துவைத்த பளிச்சோடு வராது. சோப்புத்தூளில் வெண்மையைக் கூட்டிக்காட்டும் ரசாயனம் சேர்க்கிறார்கள், இதில் அது இல்லை.

கொலுசும் தாலிச்சங்கிலியும்

வெள்ளிக் கொலுசு செய்யும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. பட்டறைகளில் நகை கழுவப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் வைத்திருப்பது பழைய பழக்கம். வீட்டில் செய்வதும் சுலபம். வெதுவெதுப்பான சாறில் கொலுசை இருபது நிமிடம் ஊறவைத்து, பழைய மெல்லிய டூத் பிரஷால் கண்ணி கண்ணியாகத் தேய்க்கவேண்டியதுதான். முத்துச் சலங்கை இருக்கும் இடத்தில் தண்ணீர் கறுத்து இறங்குவது தெரியும். எண்ணெய், தோல் அழுக்கு, பவுடர், செருப்புத் தூசு, எல்லாம் கலந்தது அது. அலசி, பருத்தித் துணியில் ஒற்றி, ஃபேன் காற்றில் காயவையுங்கள். சலங்கைக்குள் ஈரம் நின்றால் சத்தம் மங்கும்.

ஆனால் வெள்ளி கறுப்பது வேறு சங்கதி. அது காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டாகும் படலம். பூந்திக்கொட்டை அதை எடுக்காது. அழுக்குப் போன பிறகும் கொலுசு கறுப்பாகவே இருந்தால் கடைக்காரரிடம் பாலிஷுக்குக் கொடுங்கள். பித்தளை விளக்குக்கும் இதே கதை: களிம்பைப் புளி எடுக்கும், எண்ணெய்ப் பிசுக்கைப் பூந்திக்கொட்டை எடுக்கும். முதலில் கொட்டை, அப்புறம் புளி என்று போனால் புளி கொஞ்சமாகச் செலவாகும்.

தங்கத் தாலிச்சங்கிலியில் படியும் மஞ்சளும் எண்ணெயும் இதில் நன்றாகப் போகும். உள்ளே அரக்கு அடைத்த நகை, கல் பதித்த நகை, முத்து மாலை இவற்றை மட்டும் ஊறவைக்காதீர்கள். வெந்நீரில் அரக்கு இளகிக் கல் கழன்றுவிடும். நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

செடிக்கு, தரைக்கு

செம்பருத்தியிலும் கத்தரியிலும் மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் நீர்த்த சாறை மாலை நேரத்தில் இலையின் அடிப்பக்கம் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் தெளித்து மறுநாள் கருகவில்லை என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். மொசைக், சிவப்பு ஆக்சைடு தரைக்கு இரண்டாம் சாறு நன்றாகவே ஒத்துப்போகும். நன்றாக அலசிவிடுங்கள், வழுக்கும்.

மிச்சச் சாறை எங்கே கொட்டுகிறோம் என்பது முக்கியம். சப்போனின் மீனின் செவுளைக் கெடுத்து மூச்சுத் திணறவைக்கும். இதை வைத்தே குட்டையில் மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் இருந்தது. மண்ணில் ஊற்றினால் சில நாளில் மக்கிவிடும், அதனால் தோட்டத்து மண்ணில் ஊற்றுங்கள். மூக்கனேரி மாதிரி ஏரிக்கரையில் உட்கார்ந்து துவைப்பதோ, மீன் தொட்டிப் பக்கம் வாளியைக் கழுவுவதோ வேண்டாம்.

மரமே வைப்பதானால்

இடம் இருந்தால் வைக்கலாம். வறட்சி தாங்கும், கல்லுக்காட்டு மண்ணிலும் வரும். ஆனால் காய்க்க எட்டு பத்து வருடம் ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

விதையின் ஓடு கெட்டி. ஒரு பக்கம் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, செம்மண், மணல், தொழுவுரம் கலந்த பையில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்க ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பையைத் தோண்டித் தோண்டிப் பார்க்கக் கூடாது. சித்திரையில் ஊன்றினால் ஆவணி, புரட்டாசி மழைக்கு நடுகிற அளவுக்குக் கன்று வந்திருக்கும். ஒன்றரை அடிக் குழி, மரத்துக்கு மரம் இருபது அடி இடைவெளி, முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை தண்ணீர். ஆடு மாடு வரும் இடமானால் சுற்றிலும் முள் கட்டுங்கள்.

கிணற்று ஓரமும் மீன் குட்டை ஓரமும் தவிர்த்து வேலியோரமாக வையுங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு நேர் மேலேயும் வேண்டாம்: மாசி மாதம் உதிர்கிற கொட்டை பானெட்டில் ஒட்டிக்கொண்டால் அதைக் கழுவவும் இந்தச் சாறுதான் வேண்டியிருக்கும்.